ஊர்ப்பேச்சு பேசும் பொறி



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் ஒரு நாள் பிற்பகல், ஆசிரியர் வராத வகுப்பொன்றிலிருந்து என்னுடைய குரல் எனக்கே கேட்டது. நானோ தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாளரத்தின் ஓரமாக ஒதுங்கி உற்றுக் கேட்டேன். மாணவன் ஒருவன் மேசையருகே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னைப் போலவே தொண்டையைச் செருமிவிட்டுப் பேசினான்: "ஒழுக்கம் என்பது யாது? ஒழுக்கம் என்பது நேரம். நேரம் என்பது யாது? நேரம் என்பது மணி. மணி என்பது யாது? மணி அடித்தவுடன் வரிசையில் நிற்பதே ஒழுக்கம்!" வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்கு முதலில் சினமே மூண்டது. சற்று நின்று எண்ணிப் பார்த்தபோது சினம் தணிந்து வியப்பு மேலிட்டது. அவன் கூறிய வாக்கியங்களில் ஒன்றையேனும் நான் என்றும் கூறியதில்லை. ஆயினும், அவை அனைத்தும் நான் கூறக்கூடியவையே! என் கருத்துக்களை அவன் கற்றிருந்தானோ இல்லையோ, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல்லை நான் வைப்பேன் என்பதை மிக நன்றாகக் கற்றிருந்தான். அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருளை வெளியே விட்டுவிட்டான். அதனாற்றான் அத்தனை சிரிப்பு.

ஒருவரைப் போல நடித்துக் காட்டுவது மிகப் பழைய கலை. ஆனால், ஒருவரை மட்டுமன்றி ஒரு கூட்டத்தையே, ஓர் ஊரின் பேச்சையே, நடித்துக் காட்டும் பொறி ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? இணையத்தில் ஒத்த விருப்பமுடையோர் கூடிப் பேசும் குழுக்கள் எண்ணிறந்தவை. அப்படிப்பட்ட குழுவின் பேச்சை எல்லாம் திரட்டி, அதே நடையில் தானாகவே வேடிக்கையாகப் பேசும் நிரல்களை மனிதர்கள் செய்திருக்கிறார்கள். தானியங்கிகளான அந்நிரல்களுக்குப் 'பாட்' என்று பெயர். அவை எப்படித் தோன்றின, எப்படி வளர்ந்தன, அவற்றைக் கண்டு நாம் ஏன் சிரித்தோம், எப்போது சிரிப்பு நின்று எச்சரிக்கை தோன்றிற்று என்பதையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கதையை ஒரு கேலியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஆங்கில நாட்டில் 1726ஆம் ஆண்டு வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' என்னும் நூலில், ஆசிரியர் ஜொனாதன் ஸ்விஃப்ட் லகாடோ என்ற கற்பனை நகரத்துக் கல்விக்கழகம் ஒன்றை வருணிக்கிறார். அங்கே இருபது அடிச் சதுரமான ஒரு பெரிய சட்டம். அதில் அந்நாட்டு மொழியின் சொற்கள் எல்லாம் ஒட்டப்பட்ட மரக்கட்டைகள். சுற்றிலும் நாற்பது இரும்புக் கைப்பிடிகள். நாற்பது மாணாக்கர் ஒரே நேரத்தில் அவற்றைத் திருப்புவர். சொற்கள் இடம் மாறும். முப்பத்தறுவர் புதிய வரிசைகளைப் படித்துப் பார்த்து, மூன்று நான்கு சொற்கள் சேர்ந்து பொருள் தருவனவாகத் தோன்றினால் சொல்லுவர். எஞ்சிய நால்வர் எழுதிக்கொள்ளுவர். கல்வியறிவே இல்லாதவனும் இப்பொறியின் உதவியால் தத்துவமும் கவிதையும் சட்டமும் எழுதலாம் என்பது அக்கழகத்துப் பேராசிரியரின் பெருமிதம்.

ஸ்விஃப்ட் இதனை எழுதியது நகையாடுவதற்கே. அவருடைய கற்பனைப் பொறியில் ஒரு குறை இருந்தது. அதற்கு நினைவாற்றல் இல்லை. ஒரு கட்டையில் வந்த சொல்லுக்கும் அடுத்த கட்டையில் வரும் சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. சோறு என்ற சொல்லுக்குப் பின் குழம்பு வருமா, கோடரி வருமா என்று அப்பொறிக்குத் தெரியாது. அந்தத் தொடர்பை எண்ணி அளந்தவர், ஸ்விஃப்டுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து வந்த ரஷ்ய நாட்டுக் கணித அறிஞர் ஆந்திரே மார்க்கவ்.

மார்க்கவ் 1856இல் பிறந்தவர். வாதம் செய்வதில் சலியாதவர். அவர் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதும் ஒரு வாதத்தின் பொருட்டே. ஒரு நாணயத்தைப் பன்முறை சுண்டினால் தலையும் பூவும் ஏறத்தாழச் சரிபாதியாக வரும் என்பதை அறிவீர்கள். இதற்குப் பேரெண் விதி என்று பெயர். பாவெல் நெக்ராசவ் என்ற மற்றொரு கணித அறிஞர், 'நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இவ்விதி பொருந்தும். மனிதச் செயல்களின் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் ஒரு சீராக இருப்பதால், ஒவ்வொரு மனிதனும் தன் விருப்பப்படியே செயற்படுகிறான் என்பது விளங்கும்' என்ற கருத்தை 1902இல் வெளியிட்டார். கணிதத்தை இவ்வாறு தத்துவத்துக்குச் சான்றாக்குவது மார்க்கவுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றையொன்று சார்ந்து, சங்கிலியின் கண்ணிகளைப் போலத் தொடர்ந்து வரும் நிகழ்ச்சிகளுக்கும் அவ்விதி பொருந்தும் என்று 1906ஆம் ஆண்டிலேயே நிறுவிக் காட்டினார்.

நிறுவியதோடு அமையாமல், உலகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டையும் தேடினார். அவர் கைக்கு அகப்பட்டது புஷ்கின் இயற்றிய 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் காவியம். அதன் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துக்களை எடுத்து, நூறு நூறாகக் கட்டங்களில் எழுதி, கையாலேயே எண்ணினார். உயிரெழுத்து 8,638, மெய்யெழுத்து 11,362. அஃதாவது, நூற்றுக்கு 43 உயிர். ஆனால், ஓர் உயிரெழுத்துக்கு அடுத்தபடியாக மீண்டும் உயிர் வருவது நூற்றுக்கு 13 முறையே. மெய்யெழுத்துக்கு அடுத்தபடியாக உயிர் வருவதோ நூற்றுக்கு 66 முறை. 1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து அறிவியற் கழகத்தில் இந்த முடிவை வெளியிட்டார். வருகின்ற எழுத்து, முன் நின்ற எழுத்தைப் பொறுத்தது என்பதை எண்களாலே மெய்ப்பித்துவிட்டார்.

தமிழ் இலக்கணம் கற்ற உங்களுக்கு இதில் வியப்புத் தோன்றாது. உயிருக்கு முன் உயிர் வந்தால் இடையில் உடம்படுமெய் தோன்றும் என்று நன்னூல் நமக்குக் கற்பித்திருக்கிறது. மணி என்பதும் அடித்தது என்பதும் சேர்ந்தால் மணியடித்தது என்று யகரம் வந்து நடுவில் நிற்கிறதன்றோ? மார்க்கவின் கணக்கைத் தமிழ்ச் சொற்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். உயிர்மெய்யை உயிராகவும் மெய்யாகவும் பிரித்துக்கொண்டு எண்ணினால், ஒரு சொல்லுக்குள் உயிரை அடுத்து உயிர் வருவது காண்டற்கரிது என்பது தெரியவரும். இலக்கணம் விதியாகச் சொன்னதை மார்க்கவ் எண்ணிக்கையாகச் சொன்னார்.

அடுத்த கண்ணி அமெரிக்க நாட்டில் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கிளாட் ஷானன் என்பவர் 1948ஆம் ஆண்டில் செய்திப் போக்குவரத்தைப் பற்றிய கணிதக் கோட்பாடு ஒன்றை வெளியிட்டார். இன்றைய தகவல் உலகுக்கே அஸ்திவாரமான அக்கட்டுரையில், மார்க்கவின் சங்கிலியை எழுத்துக்கு மட்டுமன்றிச் சொல்லுக்கும் பயன்படுத்திக் காட்டினார். அதற்கு அவர் சொல்லிய வழி மிக எளியது. ஒரு புத்தகத்தை ஏதேனும் ஒரு பக்கத்தில் திறந்து ஒரு சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். வேறு ஒரு பக்கத்தைத் திறந்து, அதே சொல் வரும்வரையில் படித்து, அதற்கு அடுத்து நிற்கும் சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். இப்படியே தொடர்ந்து போனால், பொருள் இல்லாவிடினும் ஆங்கிலம் போலவே ஒலிக்கும் ஒரு வாக்கியம் பிறக்கும். ஓர் அடியின் ஈறு அடுத்த அடிக்கு முதலாகும் அந்தாதியைப் போன்றது இது; அந்தாதியில் புலவர் ஒருவர் இருப்பார், இங்கே அவர் இல்லை என்பதே வேறுபாடு.

நாமும் செய்து பார்ப்போம். மூன்று வாக்கியங்களை வைத்துக்கொள்ளுங்கள்:

மழை வந்தால் குளம் நிறையும்.
விருந்தினர் வந்தால் பாயசம் கிடைக்கும்.
ஆய்வாளர் வந்தால் பள்ளிக்கூடம் நடுங்கும்.

'வந்தால்' என்ற சொல்லுக்குப் பின் குளம், பாயசம், பள்ளிக்கூடம் என்ற மூன்றில் எதுவும் வரலாம் என்பதே பொறி அறிந்த பாடம். சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்துக்கொள்கிறது. உடனே, 'விருந்தினர் வந்தால் பள்ளிக்கூடம் நடுங்கும்' என்கிறது. 'ஆய்வாளர் வந்தால் பாயசம் கிடைக்கும்' என்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருப்பதுபோல் உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? பொறி அவ்வுண்மையை அறிந்து சொல்லவில்லை. சொல்லுக்குப் பின் சொல்லை வைத்தது, அவ்வளவே. கேட்ட நம் மனந்தான் அதற்குள் பொருளை ஊற்றியது.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். பொறியானது ஒரு சொல்லுக்குப் பதிலாக முந்திய இரண்டு சொற்களை நினைவில் கொண்டால் என்ன ஆகும்? 'ஆய்வாளர் வந்தால்' என்ற இரண்டுக்கும் பின் பள்ளிக்கூடம் ஒன்றே வரும். வேடிக்கை போய்விடும், பொறி வெறும் பிரதி எடுக்கும் குமாஸ்தாவாகிவிடும். மூன்று வாக்கியங்களுக்குப் பதில் மூவாயிரம் வாக்கியங்களைக் கொடுத்தால், இரு சொல் நினைவிலும் பல வழிகள் பிறந்து வேடிக்கை மீண்டும் வந்துவிடும். நினைவு மிகக் குறைந்தால் பிதற்றல். மிக மிகுந்தால் பிரதி. இரண்டுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய இடத்திலேதான் நகைச்சுவை குடியிருக்கிறது.

அந்த இடத்தை 1984ஆம் ஆண்டளவில் கண்டுகொண்டவர்கள், ஷானன் பணிபுரிந்த அதே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிற்காலத்து அறிஞர் சிலர். அப்போது இன்றைய இணையப் பக்கங்கள் இல்லை. 1979இல் இரு மாணவர்கள் திட்டமிட்டு, 1980இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே இயங்கத் தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினி வலை இருந்தது. அதில் பொருளுக்கு ஒன்றாகச் செய்திக்குழுக்கள் இருந்தன. ஒருவர் எழுதியதைப் பல ஊர்களில் உள்ளவர்கள் படிப்பார்கள், மறுமொழி எழுதுவார்கள். மணமாகாது தனித்து வாழ்வோர்க்கென்று ஒரு குழு. காதல், ஏமாற்றம், தனிமை, துணை தேடும் வழி ஆகியவற்றைப் பற்றி அங்கே ஓயாது பேசினார்கள்.

டான் மிட்செல் என்பவர் மார்க்கவ் சங்கிலியைக் கொண்டு வாக்கியம் தொடுக்கும் நிரல் ஒன்றை எழுதி, சீன ஞானி லாவோட்சியின் பெயரால் வழங்கும் 'தாவோ தே சிங்' நூலைக் கொடுத்து இயக்கிக் காட்டினார். அதைக் கண்ட ராப் பைக், புரூஸ் எல்லிஸ் ஆகிய இருவரும் தனித்து வாழ்வோர் குழுவின் பேச்சையே அதற்கு இரையாகக் கொடுக்கத் துணிந்தார்கள். எல்லா மூன்று சொல் தொடர்களையும் நிரல் பட்டியலிட்டுக்கொள்ளும்; இரண்டு சொற்களை வைத்து மூன்றாவதைத் தேடும்; பின்னர் கடைசி இரண்டை வைத்து அடுத்ததைத் தேடும். இவ்வாறு பிறந்த கடிதங்களை 'மார்க் வி. ஷேனி' என்ற பெயரில் குழுவுக்கு அனுப்பினார்கள். சங்கிலி என்பதற்கு ஆங்கிலத்தில் செயின் என்று பெயர். மார்க்கவ் செயின் என்பதை விரைந்து சொல்லிப் பாருங்கள், மார்க் வி. ஷேனி என்று ஒலிக்கும். விடையைப் பெயரிலேயே எழுதி வைத்த விடுகதை அது!

விடுகதையை விடுவித்தவர் சிலரே. இந்த ஷேனி யார், இவர் ஏன் இப்படி எழுதுகிறார் என்று படித்தவர்கள் குழம்பினார்கள். பலர் அவரை உண்மையான மனிதர் என்றே நம்பினார்கள். விசித்திரமானவர், பேச்சை ஒரு பொருளில் நிறுத்தத் தெரியாதவர், ஆயினும் எப்படியோ நம் விஷயத்தைத்தான் பேசுகிறார் என்று எண்ணினார்கள். ஏன்? அவர் பேசிய சொற்கள் எல்லாம் அவர்களுடைய சொற்களே. அவர்கள் வழக்கமாகச் சுற்றிவரும் வழிகளிலேயே அவரும் சுற்றினார். 1989ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் டியூட்னி என்ற எழுத்தாளர் ஷேனியைப் பற்றி எழுதியபின் பெயர் மேலும் பரவியது. 1999இல் பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் எழுதிய நிரலாக்க நூலில் இதே போன்ற சங்கிலி நிரல் மாணவர்க்கு ஒரு பாடமாகவே இடம் பெற்றது. விளையாட்டாகப் பிறந்தது கல்வியாயிற்று.

நம் மொழிக்கும் இவ்விடத்தில் ஒரு தொடர்பு உண்டு. இதே ராப் பைக் 1992ஆம் ஆண்டில் கென் தாம்சன் என்ற அறிஞருடன் சேர்ந்து யூ.டி.எஃப்.-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையை வகுத்தார். இன்று இணையத்தில் தமிழ் எழுத்துக்கள் சிதையாமல் ஊர்விட்டு ஊர் செல்வது பெரும்பாலும் அம்முறையின் மீது ஏறித்தான். சொற்களைக் கலைத்து விளையாடிய கையே, எழுத்துக்கள் கலையாமல் காக்கவும் உதவிற்று.

விளையாட்டு எல்லாம் ஒரே வகையானதன்று. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் மூவர், அறிஞர் கூட்டத்தையே நடித்துக் காட்டும் நிரல் ஒன்றைச் செய்தார்கள். 'சைஜென்' என்பது அதன் பெயர். அது சங்கிலி முறையில் இயங்கவில்லை. வாக்கிய அச்சுக்களை முன்னதாகவே வைத்துக்கொண்டு, வெற்றிடங்களில் கணினித்துறைக் கலைச்சொற்களை நிரப்பிற்று. வரைபடமும் மேற்கோளும் உள்பட முழு ஆராய்ச்சிக் கட்டுரையாகத் தோன்றும். உள்ளே பொருள் ஒன்றும் இராது. தரம் பாராமல் கட்டுரைகளை ஏற்கும் மாநாடுகளைத் தோலுரித்துக் காட்டுவதே அவர்கள் நோக்கம். அவ்வாறு பிறந்த கட்டுரை ஒன்று, மதிப்பிடப்படாமலேயே ஒரு மாநாட்டில் ஏற்கப்பட்டது. உலகம் சிரித்தது.

சிரிப்பு அத்துடன் நின்றிருந்தால் நலமாயிருந்திருக்கும். மாணவர் செய்த நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சிரில் லாபே, இத்தகைய கட்டுரைகளைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றை வகுத்துத் தேடினார். அவர் கண்டறிந்ததன் விளைவாக, பெரும் பதிப்பகம் ஒன்றும் பொறியாளர் சங்கம் ஒன்றும் தாங்கள் வெளியிட்டிருந்த 120க்கு மேற்பட்ட கட்டுரைகளை நீக்க நேர்ந்தது என்ற செய்தி 2014இல் வெளிவந்தது. அவை எல்லாம் சைஜென் எழுதியவை. மூன்று மாணவர் கேலிக்காகச் செய்தார்கள்; கேலி என்று வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார்கள். பின்னர் எடுத்தவர்களோ அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, பொறியின் எழுத்தைத் தம் எழுத்து என்று அனுப்பினார்கள். பொறி ஒன்றே, எழுத்தும் ஒன்றே. பலகை இருந்தபோது நகைச்சுவை. பலகை போனபோது மோசடி.

இனி 2015ஆம் ஆண்டுக்கு வருவோம். 2005இல் தோன்றிய ரெடிட் என்னும் இணைய மன்றத்தில் சமையல், சட்டம், வரலாறு, விளையாட்டு என்று பொருளுக்கு ஒன்றாகப் பல்லாயிரம் குழுக்கள் இருந்தன. அக்குழுக்களைப் பாவித்துப் பேசும் தானியங்கிகள் மட்டுமே கூடும் அரங்கு ஒன்றை ஒருவர் அமைத்தார். குழுவுக்கு ஒரு தானியங்கி. ஒவ்வொன்றும் தன் குழுவின் பேச்சிலிருந்து மார்க்கவ் சங்கிலியைப் பின்னிக்கொண்டு பேசும். மனிதர் அங்கே பேச முடியாது. படித்துச் சிரிக்கலாம், வாக்கு அளிக்கலாம். ஊமைகளாக நாம் சுற்றி நிற்க, நம் நிழல்கள் நடுவில் நின்று வாதாடியது போன்ற காட்சி அது! சமையற் குழுவின் நிழல் ஒன்று சொல்ல, வழக்குரைஞர் குழுவின் நிழல் அதற்கு மறுப்புரைக்கும். வாக்கியங்கள் நடுவிலே இடறி விழும். ஆனால், நடை மட்டும் அப்படியே இருக்கும்: எந்தக் குழு எதற்கெடுத்தாலும் அறிவுரை சொல்லும், எது எதற்கெடுத்தாலும் சண்டையிடும் என்பதை எல்லாம் அந்த உளறல் காட்டிக்கொடுத்தது. தலைமையாசிரியரைச் சாளரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு மாணவன் பேசினானே, அதுவே இது. இம்முறை சாளரத்துக்கு வெளியே நின்றவர்கள் இலட்சக்கணக்கானோர்.

நான்கே ஆண்டில் காட்சி மாறிற்று. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓப்பன் ஏஐ என்னும் நிறுவனம் ஜி.பி.டி.-2 என்ற மொழிப் பொறியை அறிவித்தது. இரண்டு சொற்களை நினைவில் வைத்த ஷேனி எங்கே, ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்றுண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் இப்பொறி எங்கே! இதற்குக் கற்பிப்பதற்காக ஏறத்தாழ 80 இலட்சம் இணையப் பக்கங்களைத் திரட்டினார்கள். எந்தப் பக்கங்கள் என்கிறீர்களா? ரெடிட் மன்றத்தில் மனிதர்கள் சுட்டிக்காட்டி, குறைந்தது மூன்று வாக்காவது பெற்ற பக்கங்கள். ஆகவே, எது படிக்கத்தக்கது என்று தேர்ந்துகொடுத்தவர்களும் அக்குழுக்களின் மக்களே. தவறான வழியில் பயன்படுமோ என்று அஞ்சி, 150 கோடி அளவெண்கள் கொண்ட மிகப் பெரிய வடிவத்தை அந்நிறுவனம் உடனே வெளியிடவில்லை. அவ்வாண்டு நவம்பரில்தான் வெளியிட்டது.

அதற்குள், 35.5 கோடி அளவெண்கள் கொண்ட இடைத்தர வடிவத்தைக் கொண்டு, தானியங்கிகளின் அரங்கு ஒன்றை மற்றொருவர் புதிதாக அமைத்துவிட்டார். இம்முறை வாக்கியங்கள் இடறவில்லை. தானியங்கி ஒன்று தன் குடும்பத் துயரத்தைச் சொல்லும். மற்றவை ஆறுதல் கூறும். ஒன்று குத்தலாகப் பேசும். துயரம் சொன்னது சினந்து மறுமொழி கூறும். அங்கே குடும்பமும் இல்லை, துயரமும் இல்லை. முதல் அரங்கில் பொறியின் தவறுகளைக் கண்டு சிரித்தவர்கள், இரண்டாம் அரங்கில் பொறி தவறாமையைக் கண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அடியிலே சிறிது திகிலும் இருந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், அத்திகில் வீடுதோறும் பேசும் பொருளாயிற்று.

மாணவர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? மார்க்கவ் முதல் இன்றுவரை இப்பொறிகளுட் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டுவந்திருக்கின்றன: இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல்? கேள்விக்கு விடை தேடும் திறன் வளர்ந்தது, கேள்வி மாறவில்லை. மனிதப் பேச்சிலோ மற்றொரு கேள்வியும் உண்டு: இந்தச் சொல்லுக்குப் பின்னால் யார்? 'எனக்குத் துணை இல்லை' என்று 1984இல் ஒருவர் எழுதியிருந்தால், அச்சொற்களுக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஒரு மாலைப்பொழுதும் இருந்திருக்கும். அதே சொற்களை ஷேனி எழுதியபோது பின்னால் ஒரு சீட்டுக் குலுக்கலே இருந்தது. படித்து இரங்கி மறுமொழி எழுதியவர் இருந்திருப்பின், அவர் இரக்கம் சென்று சேர்வதற்கு அங்கே ஆள் இல்லை. ஆகவேதான் பலகை வேண்டும் என்கிறேன். 'இது பொறியின் பேச்சு' என்று எழுதி வைத்துப் பேசட்டும். வயிறு குலுங்கச் சிரிப்போம், நம் பழக்கங்களைக் கண்டு நாணவும் செய்வோம். பலகையை மறைத்தால், ஏமாறுவது அறிவு மட்டுமன்று, அன்பும் ஏமாறும்.

மற்றொன்றும் உண்டு. இதை ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவன் நான். 'மழையின் பயன்' என்று தலைப்புக் கொடுத்தால், நாற்பது பேர் ஒரே வாக்கியத்தில் தொடங்கி, ஒரே வாக்கியத்தில் முடிப்பார்கள். முதல் மூன்று சொற்களைப் பார்த்தவுடன் நான்காவது எனக்குத் தெரிந்துவிடும். அப்போது அவர்களைக் குறை கூறினேன். இன்று எண்ணினால், அவர்களைப் பொறியாகப் பழக்கியவர்கள் ஆசிரியராகிய நாங்களே என்று தோன்றுகிறது. அதே கட்டில் ஒருத்தி மட்டும், மழை நாளில் தன் வீட்டில் எந்தெந்த இடத்தில் எந்தெந்தப் பாத்திரம் வைப்பார்கள் என்று எழுதியிருந்தாள். அடுத்த சொல் எனக்குத் தெரியவில்லை; படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் அவள் நின்றாள். பொறி எவ்வளவு வளர்ந்தாலும், உங்கள் வீட்டில் ஒழுகும் இடம் எது என்பதை நீங்கள் சொன்னாலன்றி அது அறியாது.

என்னை நடித்துக் காட்டிய மாணவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் வகுப்புக்குள் செல்லவில்லை, ஓசையின்றித் திரும்பிவிட்டேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச நின்றபோது, 'ஒழுக்கம் என்பது யாது' என்ற சொற்கள் தாமாகவே நாவின் நுனிக்கு வந்தன. நிறுத்திக்கொண்டேன். சற்று நேரம் வேறு சொல் கிடைக்கவில்லை. பிள்ளைகள் காத்து நின்றார்கள். நான் உண்மையில் என்ன சொல்ல விரும்புகிறேன் என்று பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்தச் சிறிய மௌனத்தை எனக்குக் கற்பித்தவன் அம்மாணவனே. நீங்களும் எழுதத் தொடங்குமுன் அவ்வாறு சற்றே நில்லுங்கள். பிறகு வரும் சொல் உங்களுடையதாக இருக்கும்.